நெய்வேலிக் கரண்டும் மோட்டார் கொட்டகை பிளக்கும்: பேட்டரி வண்டி கேள்வி பதில்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நாலு மாவட்டத்திலிருந்தும் கேள்வி வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்ததை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். உங்கள் ஊரிலிருந்து 20 கி.மீ.க்குள் எந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதோ, அந்த வண்டிதான் உங்களுக்கு நல்ல வண்டி.

மன்னார்குடியிலிருந்து: மானியத்தையெல்லாம் நிறுத்திட்டாங்க, இனிமே பேட்டரி ஸ்கூட்டர் வாங்குறவன் ஏமாளின்னு டீக்கடையில பேசிக்கிறாங்க. நிஜமா அண்ணே?

மானியம் கரைந்தது நிஜம்தான் தம்பி. 3 கிலோவாட் அவர் (அதாவது 3 யூனிட் கரண்ட் பிடிக்கும்) பேட்டரி உள்ள ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டமான ஃபேம் இரண்டாம் கட்டத்தில் 2021 ஜூன் முதல் ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 ரூபாய், ஆக 45,000 வரைக்கும் விலையில் கழிந்தது. 2023 ஜூன் 1 முதல் அதை 10,000 ஆக்கி, விலையில் 15 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று மூடி போட்டார்கள். 2024 ஏப்ரலில் வண்டிக்கு அதிகபட்சம் 10,000. அந்த அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் முதல் வருஷம் அதே 10,000, இரண்டாம் வருஷம் 5,000. இருசக்கர வண்டிக்கு 2026 மார்ச் 31 வரைதான் அந்தத் திட்டமும் என்று 2025-இல் அறிவித்தார்கள்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றை டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பேட்டரி வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே 5 சதவீதம். முன்னே 23 சதவீதமாக இருந்த வரி இடைவெளி 13 ஆகச் சுருங்கிவிட்டது.

இன்னொரு சலுகை மாநில அரசின் சாலை வரி விலக்கு. பெட்ரோல் வண்டிக்கு 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரை விலைக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் ஆயுள் வரி. பேட்டரி வண்டிக்கு இந்த விலக்கைக் காலக்கெடு வைத்துத்தான் தருகிறார்கள். அதனால் புக்கிங் போடும்முன் ஆன்ரோடு விலைச் சீட்டை வாங்கி "லைஃப் டாக்ஸ்" என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சார்ஜர் விலை அந்தச் சீட்டுக்குள்ளேயே இருக்கிறதா, தனியாகக் கேட்பார்களா என்றும் பாருங்கள்.

இனி உங்கள் கணக்கு. பெட்ரோல் ஸ்கூட்டரைவிட 25,000 ரூபாய் கூடுதல் என்று வையுங்கள். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் லிட்டருக்கு 50 கி.மீ. கணக்கில் 20 லிட்டர், சுமார் 2,000 ரூபாய். பேட்டரி வண்டிக்கு 35 யூனிட், 200லிருந்து 370 ரூபாய். மாதம் 1,700 மிச்சம் என்றால் 15 மாதத்தில் அசல் வந்துவிடும். மாதம் 250 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு இதே அசல் வர ஐந்து வருஷம் ஆகும். கடைவீதி, கோயில், ரேஷன் கடை என்று மட்டும் ஓடும் வண்டியை மாற்ற அவசரமே இல்லை.

கட்சிச் சண்டைக்கும் இதில் வேலையில்லை. 2019 மின்வாகனக் கொள்கை அ.தி.மு.க. ஆட்சியில் வந்தது, 2023-இல் அதைத் திருத்தியது தி.மு.க. ஆட்சி, ஃபேம் மத்தியில் பா.ஜ.க. ஆட்சியுடையது. மேடையில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள் இந்த ஒன்றில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

அதே மன்னார்குடி: 35 யூனிட்டுக்கு 200-லிருந்து 370 வரைக்கும்னு ஏன் சொல்றீங்க? ஒரே ரேட் இல்லையா?

வீட்டு மீட்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், அடுக்கடுக்காக விலை ஏறுகிறது. 2022 செப்டம்பர் 10-இல் வந்த அட்டவணையை வைத்துச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பைசாக் கணக்கில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 சலுகை போய், 101லிருந்தே 4.50 போடுவார்கள். 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய்.

உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடினால் 1,125 ரூபாய். வண்டிக்காக 70 யூனிட் சேர்ந்தால் 1,545. வண்டியின் பங்கு 420. ஏற்கெனவே 480 ஓடுகிற வீட்டில் 1,605 ரூபாய் பில், அதே 70 யூனிட் சேர்ந்ததும் 2,350 ஆகிவிடும். வண்டியின் பங்கு 745, அதில் 225 ரூபாய் சலுகை போனதால் வந்த தண்டம். அப்படியே ஆனாலும் 2,000 கி.மீ. பெட்ரோலுக்கு 4,000 ஆகியிருக்கும். ஏசி ஓடுகிற சித்திரை, வைகாசியில் மட்டும் 500-ஐக் கவனியுங்கள், போதும்.

திருவாரூரிலிருந்து ஒரு பஸ் பயணி: ஸ்கூட்டர் வாங்க வசதி உள்ளவனுக்கு எதுக்கு சார் வரி விலக்கு? மத்தவங்க பெட்ரோல் போட்டு வரி கட்டுறாங்க, அவன் அதே ரோட்டுல சும்மா போறான்.

நியாயமான கேள்வி. பெட்ரோலில் மத்திய எக்சைஸ் 2025 ஏப்ரல் கணக்குப்படி லிட்டருக்கு 21.90. தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி 13 சதவீதமும் அதன் மேல் 11.52 ரூபாயும். இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு 40 ரூபாய்க்கு மேல் போகிறது. மாதம் 20 லிட்டர் போடுபவர் 800 ரூபாய்க்கு மேல் வரி கட்டுகிறார். பேட்டரி வண்டிக்காரர் அதைக் கட்டுவதில்லை. வண்டிகள் கூடக்கூட அரசு இந்த ஓட்டையை வேறு வழியில் அடைத்தே தீரும். சாலை வரி விலக்கு என்றைக்கும் இருக்கும் என்று நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம்.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், அடுத்த ரூபாயை நான் டவுன் பஸ்ஸில் போடுவேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கும்பகோணம் கோட்டத்து பஸ் கிராமத்துக்குள் ஒரு நடை கூடுதலாக வந்தால், பல வீட்டில் இரண்டாவது ஸ்கூட்டர் வாங்கும் பேச்சே எழாது. ஆனால் பஸ் வராத ஊரில் இருப்பவரிடம் போய் இதைச் சொல்ல முடியாது.

ஒரத்தநாட்டிலிருந்து: வடசேரியில நிலக்கரி எடுக்கக் கூடாதுன்னு போராடினோம். இப்ப நிலக்கரிக் கரண்ட்ல ஓடுற வண்டிய வாங்கச் சொல்றீங்களே, இது முரண் இல்லையா?

2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு மூன்றையும் மத்திய அரசு நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்பு வந்ததும் ஏப்ரலில் நீக்கினார்கள். அதற்கு முன்னே 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஆகவே டெல்டாக்காரர் நிலக்கரிக்கு முகம் சுளித்தால், பெட்ரோலுக்கும் அதே முகம்தான் சுளிக்க வேண்டும். இரண்டும் யாரோ ஒருவர் வயலுக்கு அடியிலிருந்துதான் வருகிறது.

எது குறைவு என்பது கணக்கு. 100 கி.மீ.க்கு 2 லிட்டர் பெட்ரோல், ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு, மொத்தம் 4.6 கிலோ. பேட்டரி ஸ்கூட்டருக்கு வீட்டு பிளக்கில் 3.5 யூனிட், கம்பியில் வழியில் இழப்பதையும் சேர்த்தால் உற்பத்தி நிலையத்தில் 4 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஆக 2.8 கிலோ. முக்கால்வாசி நிலக்கரி ஓடும்போதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட நீங்கள் இன்றைக்கு வாங்கிய அதே வண்டியின் கணக்கு தானாக இறங்கும். பெட்ரோல் வண்டிக்கு அந்த யோகம் கிடையாது.

பேட்டரி செய்வதில் ஆகும் புகை இதில் சேரவில்லை. வண்டி நன்றாக ஓடினால்தான் அது ஈடாகும். வாங்கி நிறுத்தி வைத்த பேட்டரி வண்டி யாருக்கும் புண்ணியம் இல்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: வயல்ல மோட்டார் கொட்டகை இருக்கு. விவசாய இணைப்பு, ஃப்ரீ கரண்ட். அங்கயே வண்டிய சார்ஜ் போட்டா என்ன மாமா?

வேண்டாம் மாப்ள. விவசாய இணைப்பு மோட்டாருக்கு மட்டும். வேறு உபயோகம் என்று பிடித்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் ஒரு வருஷத்துக்குக் கணக்கு எழுதலாம். மிச்சமாவது மாதம் 200 ரூபாய், பணயம் வைப்பது இலவச இணைப்பை. குடிசை இணைப்புக்கும் இதே பதில்.

சட்டத்தை விடுங்கள், கொட்டகையில் சார்ஜருக்கே ஆபத்து. அங்கே பெரும்பாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) சரியாக இருக்காது. மோட்டாருக்கு மூன்று பேஸ் (கரண்ட் வரும் கம்பி) போதும் என்று விட்டிருப்பார்கள். சிலர் நியூட்ரலுக்குப் பதில் போர் குழாயில் கம்பி கட்டி பல்பு எரிப்பார்கள். அதில் சார்ஜரைச் செருகினால், வண்டியின் இரும்பைத் தொட்டவருக்கு ஷாக். சேற்றில் வெறுங்காலோடு நிற்கும்போது அது சும்மா உதறிவிட்டுப் போகாது.

திருவாரூரிலிருந்து ஒரு ஆசிரியை: தினமும் போக வர 52 கி.மீ. வாடகை வீடு, பழைய வயரிங். சார்ஜ் போட என்னென்ன செய்யணும்?

டீச்சர், 52 கி.மீ.க்கு 3 கிலோவாட் அவர் பேட்டரி தாராளம். ஒருவர் மட்டும் போனால் கி.மீ.க்கு 30 வாட் அவர், ஆக 1.6 யூனிட் செலவாகி பாதிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். பின்னால் ஆள், எதிர்க்காற்று, 60-க்கு மேல் வேகம் மூன்றும் சேர்ந்தால் 38, 40 வரை போகும். அப்போதும் வீடு வந்து சேரலாம். விளம்பரத்தில் போட்ட கி.மீ.யில் முக்கால் பங்கை மட்டும் நம்புங்கள். 2 கிலோவாட் அவர் மாடல் விலை குறைவு என்று இழுத்தால் உங்களுக்கு அது வேண்டாம். முதல் வருஷம் சரியாக இருக்கும், நாலாவது வருஷம் பள்ளிக்கூட வாசலில் பிளக் தேட வைக்கும்.

இனி வயரிங். ஸ்கூட்டர் சார்ஜர் 650லிருந்து 950 வாட் வரை, 5 ஆம்பியருக்கு மேல் இழுக்காது. சுமை பெரிது இல்லை. நாலைந்து மணி நேரம் விடாமல் ஓடுவதும், எர்த் இல்லாததும்தான் பிரச்சினை. மீட்டர் பெட்டிப் பக்கத்து மெயினிலிருந்து தனியாக ஒரு இழுவை போடச் சொல்லுங்கள்: 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி மூன்று (பேஸ், நியூட்ரல், எர்த்), 16 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மீறினால் வெட்டும் சுவிட்ச்) ஒன்று, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் வெட்டும் சுவிட்ச்) ஒன்று, முடிவில் 16 ஆம்பியர் மூன்று ஓட்டை சாக்கெட். சாக்கெட் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே, சாரல் படாத இடத்தில்.

ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுக்காதீர்கள். அதன் கம்பி பெரும்பாலும் அரை, முக்கால் சதுர மி.மீ.தான், சுருட்டி வைத்தபடி ஓடினால் நடுச்சுருள் வெந்துவிடும்.

எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச் சொல்லி அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வீட்டில் ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் ஓடும்போது 3 வோல்ட்டுக்குள். இந்த மூன்றாவது அளவு 10, 15 என்று காட்டினால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். ஷோரூமில் "சார்ஜர் கெட்டுப்போச்சு" என்று மாற்றித் தருவார்கள், அடுத்ததும் நிற்கும். தப்பு சார்ஜரில் இல்லை, சுவருக்குள்ளே.

நம் மண்ணில் நிலத்தடி நீர் மேலே இருப்பதால் எர்த் எளிதில் பிடிக்கும். கடற்கரைப் பக்கம் உப்புதான் எமன்: ஜி.ஐ. குழாய் சில வருஷத்தில் மண்ணுக்குள்ளேயே துருப்பிடித்துப் போகும், மேலே பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். நாகை, வேதாரண்யம் பக்கம் செம்பு பூசிய கம்பியோ செம்புத் தகடோ போடுவது நல்லது.

முதல் ஒரு வாரம் சார்ஜ் முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை சுட்டாலோ, பின் பழுப்பேறியிருந்தாலோ சாக்கெட் தளர்ந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். 150 ரூபாய் சாக்கெட் அது.

வீட்டுக்காரர் மறுத்தால், நடுவில் ஒரு சப் மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் பணம் தருவதாகச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் மறுக்கிறார்கள்.

(கார் வைத்திருப்பவர்களுக்கு: 3.3 கிலோவாட் சார்ஜர் 14, 15 ஆம்பியரை எட்டு, ஒன்பது மணி நேரம் இழுக்கும். சாதாரண சாக்கெட் உருகிவிடும். நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் 4 சதுர மி.மீ. கம்பியும் போடுங்கள். 7.2 கிலோவாட் சுவர்ப்பெட்டிக்கு 6 சதுர மி.மீ. கம்பி, மூன்று பேஸ் இணைப்பு, ஈ.பி. ஆபீஸில் கூடுதல் பளு விண்ணப்பம் மூன்றும் வேண்டும்.)

பேராவூரணியிலிருந்து: ஒரே மழைக்காலத்துல ரெண்டு சார்ஜர் போயிடுச்சு. வாரண்டி கிடையாதுங்கறாங்க. எங்க ஊர்ல மட்டும் ஏன்?

உங்கள் ஊரில் தென்னந்தோப்பு அதிகம் ஐயா. காற்றில் மட்டை விழுந்து லைனில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், வேறு வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றுக்கொன்று தொடராக மாட்டிக்கொள்ளும். ஒரு வீட்டில் பல்பு மங்கும், பக்கத்து வீட்டில் 350, 400 வோல்ட் வரை ஏறி டிவி, சார்ஜர் எல்லாம் போகும். "அதிக மின்னழுத்தத்தால் சேதம்" என்று எழுதி வாரண்டியை மறுப்பது அதனால்தான்.

வழி: மெயினுக்குப் பக்கத்தில் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் இரண்டுக்கும் வெட்டிவிடும் தானியங்கிக் கருவி ஒன்று. 270-க்கு மேலும் 170-க்குக் கீழும் வெட்டி, கரண்ட் சீரான பிறகு ஒன்று, இரண்டு நிமிஷம் பொறுத்துச் சேர்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சார்ஜர் விலையில் நாலைந்து வாங்கலாம். இடி மின்னல் என்றால் இந்தக் கருவியையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பல்பு ஒரு அறையில் பளீரென்றும் இன்னொன்றில் மங்கலாகவும் எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

லோ வோல்டேஜ் வேறு கதை. குறுவைக்குப் பம்புசெட் எல்லாம் ஓடும் நேரத்தில் 160, 170-க்கு இறங்கும். சார்ஜர் கெடாது, நின்று நின்று ஓடும், நேரம் இரட்டிப்பாகும். உங்கள் டிரான்ஸ்பார்மரில் எந்த நேரம் பம்பு குறைவு என்று இரண்டு நாள் பார்த்து அந்த நேரத்தில் போடுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: கஜா மாதிரி இன்னொன்னு வந்தா கரண்ட் இல்லாம பேட்டரி வண்டி குப்பைதானே?

2018 நவம்பர் 16-க்குப் பிறகு உங்கள் பக்கம் பல கிராமத்துக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அதனால் வீட்டில் இருக்கும் ஒரே வண்டி பேட்டரி வண்டியாக இருக்க வேண்டாம் என்றுதான் நான் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்வேன். பழைய பெட்ரோல் மொபெட்டை விற்காதீர்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததும் 100 சதவீதம் ஏற்றி, மேடான இடத்தில் நிறுத்துங்கள். கழற்றும் பேட்டரி என்றால் கழற்றிப் பரண் உயரத்தில் வையுங்கள். ஐ.பி.67 என்று போட்டிருப்பது ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் வரைக்கும்தான், அதுவும் புதுசாக இருக்கும்போது. கடல் தண்ணீர் ஏறிய வண்டியை நல்ல தண்ணீரில் கழுவியிருந்தாலும் சார்ஜ் போடவே போடாதீர்கள். வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள். உப்பு உள்ளே போன பேட்டரி பல நாள் கழித்தும் புகையலாம்.

மாடியில் சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.எம். சூர்ய கர் மானியத்தில் (2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000) போடும் சாதாரண அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். புயலில் உதவ வேண்டுமானால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரில் போடலாமா என்றால், 150 ஏ.ஹெச். பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும், அதில் பாதிதான் எடுக்கலாம். 25 கி.மீ. ஓட்டலாம், ராத்திரி ஃபேன் இருக்காது. சைன்வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் மட்டும்.

மயிலாடுதுறையிலிருந்து கல்லூரி மாணவர்: மூணு வருஷம் ஓடின ஸ்கூட்டர் 45,000-க்கு வருது. பேட்டரி நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்குறது அண்ணா?

விற்பவர் மொபைலில் காட்டும் சதவீதத்தை நம்பாதே தம்பி. பிளக்கில் செருகும் யூனிட் மீட்டர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். வண்டியை 10 சதவீதம் வரை ஓட்டி இறக்கு. அந்த மீட்டர் வழியாக 100 வரை ஏற்று. 3 கிலோவாட் அவர் புது பேட்டரி என்றால் 10லிருந்து 100-க்கு 2.7 உள்ளே போக வேண்டும், சார்ஜர் சூட்டில் போவதையும் சேர்த்து மீட்டரில் 3 யூனிட் அளவில் காட்டும். 2.4 காட்டினால் பேட்டரி 80 சதவீதத்தில் இருக்கிறது, வாங்கலாம். 2-க்குக் கீழே என்றால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழி. 45,000-க்கு அது தேறாது.

நாலைந்து மணி நேரம் பொறுக்க மாட்டேன் என்று சொல்லும் வியாபாரியிடம் வாங்காதே. 30 சதவீதத்தில் இருக்கும்போது பாலத்தில் முழு முறுக்கு கொடுத்து ஏற்றிப் பார். திடீரென்று 15-க்கு விழுந்தால் ஒன்றிரண்டு செல் வரிசை பலவீனம். மீதி: வாரண்டி பேரு மாற்றினால் தொடருமா என்று எழுத்தில் கேள், ஆர்.சி.யில் கடன் பாக்கி இருக்கிறதா பார்.

பாபநாசத்திலிருந்து: அப்பாவுக்கு லைசன்ஸ் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம்னு ஒரு வண்டி குடுத்தாங்க. 45-ல போகுது. பிரச்சினை வருமா?

வரும். மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25-க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது சட்டப்படி மோட்டார் வண்டி ஆகாது. 45-இல் போனால் பச்சை நம்பர் பிளேட், லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். கடையில் ஏதோ ஒரு ஒயரைப் பிடுங்கி வேகத்தைத் திறந்துவிட்டிருப்பார்கள். யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈடு முழுவதும் அப்பா தலையில். அந்த ஒயரைத் திரும்பச் செருகி 25-இல் ஓட்டச் சொல்லுங்கள். பேட்டரி ஈய அமில வகை என்றால் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் மாற்ற வேண்டிவரும், அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஆட்டோ ஓட்டுநர்: எலக்ட்ரிக் ஆட்டோவுக்குப் பெர்மிட் வேணாமாமே?

2018 அக்டோபரில் மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்குப் பெர்மிட் விலக்கு தந்தது. பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து வரும். எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், லைசன்ஸ் இவற்றுக்கு விலக்கு இல்லை. ஒரு நாளைக்கு 80லிருந்து 100 கி.மீ. ஓட்டுபவருக்கு லாபம். முகூர்த்த நாளில் திருச்சி விமான நிலையச் சவாரி எடுப்பவருக்கு ஒத்துவராது. கடன் வட்டியைப் பாருங்கள். பெட்ரோல் ஆட்டோவைவிட இரண்டு, மூன்று சதவீதம் கூட்டிப் போட்டால் எரிபொருளில் மிஞ்சுவது தவணையில் போகும்.

தஞ்சாவூர்: சீனாக்காரன் நினைச்சா நம்ம வண்டி நின்னுடுமாமே? அதுக்கு இ20 பெட்ரோலே மேல் இல்லையா?

ஓடுகிற வண்டி நிற்காது. மோட்டாரில் இருக்கும் அரிய மண் காந்தங்களுக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது, தொழிற்சாலைகள் திண்டாடின. உங்களுக்கு அதனால் வருவது டெலிவரித் தாமதமும் உதிரி பாகத் தாமதமும். கச்சா எண்ணெயும் முக்கால்வாசிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

இ20-இல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில், பழைய வண்டிக்கு மைலேஜ் சில சதவீதம் குறையும், ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டும். அதற்காக மட்டும் நல்ல பெட்ரோல் வண்டியை விற்பது வீண் செலவு.

நீடாமங்கலத்திலிருந்து: வீட்டுக்குள்ள சார்ஜ் போட்டா தீப்பிடிக்குமா? வண்டி நிறுத்த வைக்கோல்போர் பக்கத்துல மட்டும்தான் இடம் இருக்கு.

2022-இல் வரிசையாக வண்டிகள் எரிந்த பிறகு ஏ.ஐ.எஸ்.-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை இறுக்கினார்கள். 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு தயாரான வண்டியா என்று பாருங்கள். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். அதை வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் மீதி எவ்வளவு என்று வண்டியே குழம்பும். என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகை என்றால் தினசரிக்கு 80, 85 போதும். வெயிலில் ஓட்டி வந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் எதுவாக இருந்தாலும் செருக வேண்டும்.

வைக்கோல்போர் பக்கம் கூடாது அக்கா. பத்தடியாவது தள்ளி, தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட சாய்ப்பு போதும். வீட்டின் ஒரே வாசலை மறித்து, மாடிப்படிக்கு அடியில் போடாதீர்கள். எரியாமல் புகைந்தாலே வெளியே வர வழியிருக்காது. சீறல் சத்தம், இனிப்பும் காரமும் கலந்த நெடி, பேட்டரிப் பெட்டி உப்பல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மெயினை அணைத்துவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். அணைக்க வேண்டியது வாளிக்கணக்கில் இல்லை, குழாய்க்கணக்கில் தண்ணீர். தீயணைப்புக்கு 101.

உங்கள் பக்கம் தீயைவிட அடிக்கடி வருவது எலிதான். சம்பா அறுப்பு முடிந்து தை, மாசியில் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும், சீட்டுக்கு அடியில் வைக்கோல் சேர்த்துக் கூடு கட்டி ஒயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை சீட்டைத் தூக்கிப் பாருங்கள். அதே மாதங்களில் ரோட்டில் போட்ட நெல் தாளில் ஓட்டிவந்தால் பின்சக்கர அச்சில் வைக்கோல் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே மோட்டார்) வண்டியில் ஒயர் அந்த அச்சு வழியாகத்தான் வெளியே வருகிறது. நாலு நாள் தேய்ந்தால் மேலுறை கிழிந்து, முதல் மழையில் வண்டி நிற்கும். வீட்டுக்கு வந்ததும் வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கத்தி வைக்காமல் கையாலேயே பிரித்து எடுங்கள்.